ஒரு விரக்கடை வெளியே

பியூலாக்கா கோலாலம்பூரில் தன் முதல் வெளிநாட்டு ஆட்டத்தின் முதல் பந்தை அடித்த அதே நிமிஷம், செங்காட்டுவிளை சர்ச்சுக்குப் பின்னால் ஆளில்லாமல் கிடந்த டென்னிஸ் மைதானத்தில், நாவல்பழத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தது போல ஒரு தடம் விழுந்தது. அதை முதலில் பார்த்தவர் டீக்கடை லிங்கக்கனி அண்ணாச்சி. அந்நேரம் அவர் அங்கே எதற்கு ஒதுங்கினார் என்பதை எங்கள் ஊரில் யாரும் கேட்பதில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தடம், மூன்றாவது தடம், பிறகு பின்கோட்டை ஒட்டி ஒரு ஜோடி ஷூ தடம் வலது பக்கம் ஓடி, சறுக்கி, நின்று, மூச்சு வாங்கி, இடது பக்கம் ஓடியது. அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஊருக்குள் வந்தார்.

"வேதமாணிக்கம், ஒம்ம மவ அங்கன ஆடுதா, இங்கன மண்ணு குழியுது வேய்."

மளிகைக்கடைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த பியூலாக்காவின் அப்பா, ஏணியிலிருந்து இறங்காமல், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஜெயிக்காளா?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அந்த விஷயத்தை எங்கள் ஊர் ஆராயவில்லை. தேரிக்காட்டுச் செம்மணல் ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு மண் ஒரு இடத்தில் இருக்காது என்பது பிறந்த அன்றே தெரியும். நேற்று வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த சிவப்பு மேடு இன்றைக்கு வேலிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கும், கேட்டால் காற்று என்பார்கள். இவ்வளவு செய்கிற மண்ணு மலேசியா வரைக்கும் போய்வந்தால் என்ன குறைந்துவிட்டது?

மைதானம் வந்த கதை தனி. சர்ச்சுக்கு மண்டபம் கட்டுவதாகச் சொல்லித் தேரி மண் கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்துச் சமன் செய்த மனை அது. மண்டபம் வரவில்லை, பதினொரு வயது பியூலாக்கா வந்தாள், கோயில் பின்சுவரில் பந்தை அடித்துக்கொண்டே இருந்தாள், ஞாயிறு ஆராதனையில் பிரசங்கத்துக்கு இடையே டொக், டொக் என்று சத்தம் கேட்டது. பாஸ்டர் ஐயா வெளியே வந்து, "பிள்ள, அடிக்கது அடி, ஜெபத்துல மட்டும் அடிக்காத," என்றார். வேதமாணிக்கம் கயிறு பிடித்து, எழுபத்தெட்டு அடி நீளம், முப்பத்தாறு அடி அகலம் அளந்து, சுவருக்குக் கரைத்த சுண்ணாம்பில் மிச்சம் எடுத்து வெளிக்கோடு போட்டார். அதற்குள்ளே இருபத்தேழு அடிக்கு உள்கோடு போட்டார். ஒற்றைக்கு ஒற்றை ஆடினால் உள்கோடுதான் எல்லை, இரண்டுக்கு இரண்டு ஆடினால் வெளிக்கோடு எல்லை. அவர் போட்ட கோட்டில் நூல் வைத்துப் பார்த்தாலும் வளைவு இருக்காது. பிள்ளைகள் "பதினஞ்சு லவ், முப்பது லவ்" என்று கத்தியதைக் கேட்டு பாஸ்டர் ஐயா மறுபடி வெளியே வந்தார். "ஆலயத்துக்குப் பின்னால என்னத்துக்கு லவ்வு? சைபர்னு சொல்லுங்க." பியூலாக்கா மதுரையில் மாநிலப் போட்டியில் போய் "முப்பது சைபர்" என்று சொல்ல, நடுவர் பென்சிலைக் கீழே போட்டாராம்.

கோலாலம்பூருக்குப் பிறகு, எட்டு வருஷம், அவள் எந்த ஊரில் ஆடினாலும் எங்கள் மண்ணில் தெரிந்தது. எதிராளியின் காலடி வராது, இரண்டு பக்கப் பந்தும் வரும், அவள் காலடி வரும். துனீசியாவில் காலை ஆட்டம் என்றால் இங்கே மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பெஞ்சு போடுவோம். உஸ்பெகிஸ்தான் என்றால் பதினோரு மணி டீயோடு. செருப்புப் போட்டு மைதானத்தில் இறங்கக்கூடாது என்பது தானாக வந்த சட்டம். சுயம்பு வீட்டு ஆடு ஒருதடவை இரண்டாவது செட்டில் குறுக்கே நடந்ததில், பியூலாக்கா கெய்ரோவில் ஒன்றுமில்லாத இடத்தில் தடுக்கி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். அதுவரை பார்க்கிற மைதானமாக இருந்தது, அன்றிலிருந்து பயப்படுகிற மைதானம் ஆனது. ஆட்டுக்குக் கயிறு வந்தது, காற்று மாதங்களில் மைதானத்துக்கு ஓலைப்பாய் வந்தது. செல்போனில் ஸ்கோர் நாலு பாயிண்ட் பின்னால் வரும். மண் அப்போதே சொல்லிவிடும்.

பந்தைவிட நாங்கள் காலைத்தான் அதிகம் பார்த்தோம். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே நிற்கிற ஜாதி இல்லை அவள். பின்கோட்டுக்குப் பின்னால் போவாள், வருவாள், அரைவட்டம் அடிப்பாள், வலைவரை வந்து ஒன்றும் செய்யாமல் திரும்புவாள். ஆட்டம் முடிந்தபின் பார்த்தால், அடித்த தூரத்தைப்போல மூன்று மடங்கு சும்மா நடந்திருப்பாள். அவள் அம்மா ரஞ்சிதம் குனிந்து அந்தத் தடங்களைப் பார்த்து, "குதிகால் பதியல. காலைல ஒண்ணும் திங்கல இவ," என்பாள். அன்றைக்குப் போன் வரும்போது முதல் கேள்வி அதுதான். பெட்டியைப் பிரிக்காமல், ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு, ஒரு பிளைட்டிலிருந்து இன்னொரு பஸ்ஸுக்கு, தரவரிசையில் எழுநூற்று எண்பது, நானூற்றுப் பன்னிரண்டு, இருநூற்று அறுபத்து மூன்று என்று ஏறி, இருநூற்று நாற்பதில் வந்து, தேரியில் சக்கரம் மாட்டின வண்டி மாதிரி, சுற்றிக்கொண்டே நின்றுவிட்டாள். உலகத்தின் பெரிய நாலு போட்டிகளில் ஒன்றில் ஒருமுறையாவது உள்ளே போய் ஆடவேண்டும், தகுதிச் சுற்றோடு திரும்பாமல், அவ்வளவுதான் அவள் கேட்டது. இருபத்தேழு வயதில் போனில் சொன்னாள்: "இந்த வருசம் பாப்பேன்பா. ஆகலைன்னா ரயில்வேல வேலை தாரேங்காவ. வந்து உக்காந்துருதேன்."

உட்காருவாளாம். அவளாவது, உட்காருவதாவது. அன்று சாயங்காலம் ஊரில் ஒருவரும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அண்ணாச்சி ஆற்றின டீயையே ஆற்றினார், வேதமாணிக்கம் அடித்த சுவரையே மறுபடி அடித்தார்.

அடுத்த வாரம் ஆடி பிறந்தது, காற்று வந்தது. அந்தலியா என்கிற ஊரில் அவள் ஒற்றை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது பாய் ஒன்று பிய்ந்து பறந்து, எதிராளியின் பக்கத்து உள்கோட்டை நாலடிக்குத் தேய்த்துக்கொண்டு போனது. பியூலாக்காவின் பந்து ஒன்று அந்த இடத்துக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி விழுந்தது. "போச்சு," என்றார் அண்ணாச்சி. நாலு பாயிண்ட் கழித்து போன் சொன்னது: போகவில்லை. பாயிண்ட் அவளுக்கு.

வேதமாணிக்கம் எழுந்து போய், குனிந்து, அந்தக் கோட்டில் மிச்சம் இருந்ததையும் உள்ளங்கையால் துடைத்தார்.

இனி நடந்ததைச் சொன்னால் எங்கள் ஊரைப் பற்றி நீங்கள் என்னவும் நினைத்துக்கொள்ளலாம். டென்னிசில் ஒற்றைப்படை கேம் முடிந்தால் இரண்டு பேரும் பக்கம் மாறுவார்கள், நடுவில் தொண்ணூறு வினாடி உட்காருவார்கள். அந்தத் தொண்ணூறு வினாடியில் இங்கே கல்யாண வீட்டுப் பந்திபோல ஒரு வேலை நடந்தது: வாளியோடு நாலு பேர் அவள் பக்கத்து உள்கோட்டைப் போடவேண்டும், விளக்குமாறோடு நாலு பேர் எதிர்ப்பக்கத்து உள்கோட்டை அழிக்கவேண்டும், காலடித் தடம் விழாமல் பின்னுக்கே நடந்து வெளியேறவேண்டும். "சுண்ணாம்பு எங்கல?" "வந்துட்டு, வந்துட்டு!" "எட்டி, அந்தப் பக்கம் இல்ல, அது அவ பக்கம்!" "அம்பது ஆச்சு, அறுவது ஆச்சு, வெளிய வா, வெளிய வா!" பாஸ்டர் ஐயா கையில் கடிகாரத்தோடு நின்றார், "நாம பந்தைத் தொடலையே, கோட்டைத்தானே," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அங்கே கோடு அழியவில்லை. அங்கே கோடு கோடாகவேதான் இருந்தது, ஆனால் அதற்கு வெளியே விழுந்த பந்து வெளியே விழுந்ததாக யார் கண்ணுக்கும் தோன்றவில்லை, ஒருத்தியைத் தவிர.

ஒன்பது ஆட்டம் வரிசையாக ஜெயித்தாள். தரவரிசை நூற்று எண்பத்தெட்டு. நூற்று ஐம்பத்தொன்று. நூற்று முப்பத்தாறு. ஊர் கேசரி கிண்டியது.

பத்தாவது ஆட்டத்தன்று பெஞ்சு போட்டு, வாளி நிரப்பி, விளக்குமாறு பிடித்து உட்கார்ந்திருந்தோம். மண் அசையவில்லை. அரைமணி நேரம், ஒருமணி நேரம், ஒரு தடமும் விழவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சாத்தான்குளம் பஸ்ஸிலிருந்து அந்த ஆட்டத்தை ஆடாமலே, தோளில் பேட் பையோடு பியூலாக்கா இறங்கி, வீட்டுக்குப் போகாமல், நேராக மைதானத்துக்கு வந்தாள். வாளியைப் பார்த்தாள். விளக்குமாற்றைப் பார்த்தாள். அப்பாவின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்திருந்தது.

"ஒம்பதுல எதுப்பா என்னுது?"

"எல்லாம் உன்னுதுதாம்மா. நீதான அடிச்ச."

"கடைசி ஆட்டத்துல ஒரு பந்தை வேணும்னே வெளிய அடிச்சேன்ப்பா, சந்தேகம் தீரட்டும்னு. ரெண்டு அடி வெளிய. உள்ளனுட்டாவ. நானே போய் நடுவர்ட்ட வெளியன்னு சொல்லுதேன், அவரு இறங்கி வந்து தடத்தப் பாத்துட்டு உள்ளங்காரு. எதுத்து ஆடுன பிள்ளைக்குப் பத்தொம்பது வயசு இருக்கும். தடத்துப் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்து, பேட்டால தரையத் தட்டித் தட்டி அழுவுது."

வேதமாணிக்கம் கையை இழுத்துக்கொண்டார்.

"முன்னால எத்தனையோ ஆட்டம் தோத்தேன்," என்றாள் பியூலாக்கா, "அது என் தோல்வி. எங்க தப்புன்னு தெரியும், மறுநா காலைல போய்ச் சரிபண்ணுவேன். இப்ப ஜெயிச்சது எதுன்னு எனக்கே தெரியல. பந்து போகுது, என் கண்ணு வெளியங்குது, ஊரு உள்ளங்குது. என் கண்ணை நானே நம்பலன்னா எதை வச்சுப்பா ஆடட்டும்?"

"காவலுக்கு ஆளு போடுவோம் பிள்ள, இனிம ஒருத்தனும்..." என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"நீரு போடுத காவலா?" என்றாள். அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "இனிம ஒத்தைக்கு ஆடல. டபுள்ஸ் ஆடப்போறேன். வெளிக்கோட்டையும் நீங்க நகத்தலாம், நான் வந்து மறிக்க முடியாது. ஆனா அங்க என்கூட இன்னொருத்தி நிப்பா. எனக்குன்னு அழிச்சா அவளுக்கும் சேத்துத்தான் அழிக்கணும், அவ கண்ணையும் சேத்துத்தான் அவிக்கணும். அவ உங்களுக்கு என்ன பாவம் செஞ்சான்னு ரோசிச்சுட்டு அழிங்க."

ரஞ்சிதம் போட்ட சோற்றை நின்றுகொண்டே தின்றுவிட்டு, நாலரை பஸ்ஸில் போய்விட்டாள்.

டபுள்ஸ் என்றால் எங்கள் ஊருக்கு ஒரே அர்த்தம்தான்: ஒரு சைக்கிள், இரண்டு ஆள், ஒருத்தன் மிதிப்பான், ஒருத்தன் பின்னால் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வருவான், முக்கில் போலீஸ் நின்றால் உட்கார்ந்திருக்கிறவன்தான் முதலில் குதித்து ஓடுவான். ஆகவே ஊருக்கு ஒரே கவலை. "மிதிக்கது யாரு?" என்று கேட்டார் அண்ணாச்சி. "நம்ம பிள்ள மிதிச்சு, அந்தப் பிள்ள சும்மா உக்காந்துட்டு வந்தா?" பியூலாக்காவின் கூட்டாளி ஜார்ஜியா தேசத்துப் பெண், பெயர் தாமர். வேதப் புத்தகத்தில் இருக்கிற தாமார்தான் அது என்றார் பாஸ்டர் ஐயா. தாமரையைத்தான் அந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் என்றாள் ரஞ்சிதம். தாமரை என்றே நின்றுபோனது.

முதல் இரண்டு போட்டியில் பியூலாக்காவின் தடம் மட்டும்தான் விழுந்தது. அவள் பாதி மைதானத்தில் ஓட, மறுபாதியில் காலே இல்லாமல் பந்து திரும்பிப் போனது. மூன்றாவது போட்டியில், இரண்டாம் செட்டில், மண்ணுக்கு என்ன தோன்றியதோ, வலைக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடித் தடம் மெதுவாகப் பதிந்தது. பெரிய கால், இடது முன்பாதம் அழுத்தம், வந்த இடத்தில் அசையாமல் நிற்கிற கால். ஊரே எழுந்து நின்றது. "வா தாயி," என்றாள் ரஞ்சிதம், விருந்தாளி வாசலுக்கு வந்தது போல. அப்புறம் வந்த மாதங்களில் நாங்கள் ஒன்றைக் கண்டோம்: தாமரை நிற்க நிற்க, பியூலாக்காவின் அந்தச் சும்மா நடை குறைந்தது. குறைந்ததே தவிரப் போகவில்லை. இவள் அரைவட்டம் போவாள், அவள் ஓரடி வைத்து அந்த இடத்தை மூடுவாள், இவள் திரும்பி வந்தால் அவள் விலகுவாள். ஒரு பந்துக்கு இவள் மிதித்தாள், ஒரு பந்துக்கு அவள் மிதித்தாள், உட்கார்ந்துகொண்டு யாரும் வரவில்லை. அண்ணாச்சி அதை ஒத்துக்கொள்ள நாலு மாதம் ஆனது.

வாளி சர்ச்சு வராந்தாவில் கவிழ்ந்து கிடந்தது. ஊருக்குக் கை அரித்தது, பொய் சொல்லவில்லை. பக்கம் மாறுகிற தொண்ணூறு வினாடி வரும்போதெல்லாம் கால் தானாக எழும், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். தோற்றார்கள், ஜெயித்தார்கள், தோற்றார்கள். மறு வருஷம் மறுபடியும் ஆடி வந்தது, போர்ச்சுக்கல்லில் ஒரு போட்டியில் முதல்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள்.

அங்கே காலை, இங்கே மூன்றரை மணி வெயில், காற்று. ஒரு செட் இவர்களுக்கு, ஒரு செட் அவர்களுக்கு; மூன்றாவதாக முழுச் செட் ஆடாமல், முதலில் பத்துப் பாயிண்ட் எடுக்கிறவர்கள் ஜெயித்தவர்கள் என்கிற கடைசிச் சுற்று. எட்டு, ஒன்பது. எதிராளிக்கு இன்னும் ஒன்று போதும். அந்த நேரம் தேரியிலிருந்து ஒரு காற்று எழும்பி வந்து, வேலியைத் தாண்டி, எதிராளியின் பக்கத்து வெளிக்கோட்டின் மேல், சரியாக மூலைக்குப் பக்கத்தில், ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குச் சிவப்பு மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது. கோடு போன இடமே தெரியவில்லை.

ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இருபத்தைந்து வினாடி.

"தொடாதீரும்," என்றார் அண்ணாச்சி, குரலைத் தாழ்த்தி. "நாம ஒண்ணும் செய்யல வேய். காத்து செஞ்சது. ஆண்டவன் செஞ்சது. சும்மா இரும்."

பாஸ்டர் ஐயா வானத்தைப் பார்த்தார், அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"தொட்டாலும் குத்தம், தொடாட்டாலும் குத்தம்," என்றாள் ரஞ்சிதம். "இது என்னத்தடா சோதன."

வேதமாணிக்கம் எழுந்தார். "காத்துக்குக் கோடு எங்கன்னு தெரியாது," என்றார். "எனக்குத் தெரியும்." வராந்தாவுக்குப் போய் வாளியை நிமிர்த்தினார், அடியில் காய்ந்து கிடந்த சுண்ணாம்பில் குடிதண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்தார், கையாலேயே கலக்கினார். மைதானத்தில் வெறுங்காலோடு ஓரமாகப் போய், முட்டி போட்டு, மேல்மண்ணை ஊதினார், துடைக்கவில்லை, ஊதினார், பழைய கோட்டின் நுனி இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிகிற வரை. கயிறு கேட்கவில்லை. ஒரு நுனியைப் பார்த்தார், மறு நுனியைப் பார்த்தார், இரண்டு விரலைச் சுண்ணாம்பில் முக்கி, மூச்சைப் பிடித்து, ஒரே இழுப்பில் இழுத்தார். நூல் வைத்தாலும் வளைவு இருக்காது. பின்னுக்கே நடந்து வெளியே வந்து, ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி, எங்கள் எல்லாருக்கும் முன்னால் நின்றார்.

பந்து வந்தது. அந்தப் பக்கம், இந்தப் பக்கம், நடுவில், தாமரையின் கால் வலைக்கு, பியூலாக்காவின் கால் பின்னுக்கு, பன்னிரண்டு தடம், பதிமூன்று தடம், ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவே எங்கள் ஊரில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பதினான்காவதுக்கு பியூலாக்காவின் தடம் வலது பக்கம் நீளமாகச் சறுக்கியது, மூலைக்கு அடிக்கிறாள் என்று தெரிந்தது, எதிர்ப்பக்கத்தில் ஈரக் கோட்டுக்குப் பக்கத்தில் நாவல்பழம்போல ஒன்று அழுந்தியது.

எல்லாரும் குனிந்தோம். கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு மண் இருந்தது. ஒரு விரக்கடை.

மண்ணில் இரண்டு ஜோடிக் கால் வலைக்கு நடந்து போயின, நின்றன, பிறகு வெளியே போய் மறைந்தன. ஸ்கோர் சொல்ல போன் தேவைப்படவில்லை. அண்ணாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்து, "ஒம்ம கையாலயே," என்றார், "ஒம்ம கையாலயே கொன்னுட்டீரே வேய்." வேதமாணிக்கம் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார்.

கால்மணி நேரம் கழித்து ரஞ்சிதத்தின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் யாரோ கத்துகிற சத்தம், காற்றின் சத்தம், பியூலாக்காவுக்கு இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது.

"அப்பா எங்க? அப்பா, அங்கன எப்படித் தெரிஞ்சுது?"

"அவுட்டும்மா," என்றார் வேதமாணிக்கம்.

"எவ்வளவு?"

"ஒரு விரக்கடை."

அந்தப் பக்கம் மூச்சு விட்டுவிட்டு இழுத்தது. அழுகிறாள் என்றுதான் நினைத்தோம், ரஞ்சிதம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒரு விரக்கடைதாம்பா தெரிஞ்சுது!" என்றாள் பியூலாக்கா, சிரிப்பில் குரல் உடைந்து, "பந்து பேட்டை விட்டுப் போகும்போதே தெரிஞ்சுது, ஒரு விரக்கடை வெளியன்னு! நடுவரும் அதையே சொல்லிட்டாரு! சாப்பாடு எல்லாம் ஆச்சும்மா, கேக்காத. அப்பா, கேளுங்க, திங்கக்கிழமை ஸ்பெயின்ல, தகுதிச் சுற்று. ஒத்தைக்குப் பேரு குடுத்துட்டேன்."